டோரா பதிலுக்குக் காத்திருக்கட்டும்

சிறுவர் தொலைக்காட்சிகளிலும் ஓடிடி தளங்களிலும் தமிழ்க் குரல்பதிவுக்குப் பொறுப்பானவர்களுக்கும், அவற்றுக்கு வசனம் எழுதுகிறவர்களுக்கும், டப்பிங் ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள் நான். டோராவைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று இதை எழுதுகிறேன். பழைய டோராவை வைத்துப் புதிதாக வந்த இரண்டு படங்களையும் ஒரு தொடரையும், கல்லூரியில் படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவள் சுட்டி டிவியில் டோரா பார்த்து வளர்ந்தவள். நாங்கள் பார்த்தது ஆங்கிலத்தில். எனக்குப் பிடிபடாத இடங்களை அவள் சொல்லிக் கொடுத்தாள். இவற்றுக்கோ, இதைப்போல மறுபடியும் உருவெடுத்து வரும் வேறு பழைய கார்ட்டூன்களுக்கோ நீங்கள் தமிழ்க் குரல் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். டோரா ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பாளே, அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் சொல்கிறேன்.

டோரா அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் தொடங்கியது. கிறிஸ் கிஃபோர்ட், வாலரி வால்ஷ் வால்டெஸ், எரிக் வைனர் என்ற மூவர் அதை உருவாக்கினார்கள். ஏழு வயதுப் பெண் பிள்ளை, சிவப்பு பூட்ஸ் போட்ட குரங்கு, பேசுகிற பை, பேசுகிற மேப், எதையாவது தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும் நரி. 2019 வரை புதுக் கதைகள் வந்தன. அங்கே அவள் ஆங்கிலம் பேசுவாள், நடுவே ஸ்பானிய மொழிச் சொற்களைச் சொல்லித் தருவாள். இங்கே 2007-ல் சுட்டி டிவி வந்ததும் ‘டோராவின் பயணங்கள்’ என்று தமிழ் பேச ஆரம்பித்தாள். ஸ்பானியச் சொற்கள் இருந்த இடத்தில் ஆங்கிலச் சொற்கள் வந்து உட்கார்ந்தன. குரங்குக்குப் புஜ்ஜி என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரை வைத்தது யாராக இருந்தாலும் அவருக்கு என் நன்றி. ‘டோரா புஜ்ஜி’ என்று சேர்த்துச் சொல்லாத பிள்ளை எங்கள் ஊரில் இருந்ததில்லை. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாக் கடைகளில் டோரா பலூன், மார்த்தாண்டத்துப் பைக்கடைகளில் டோரா பை, முடிவெட்டும் கடைக்குப் போனால் டோரா கட்டிங்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. களியக்காவிளை தாண்டினால் கேரளம். இங்கே பல வீடுகளில் தமிழ்ச் சேனலும் மலையாளச் சேனலும் மாறி மாறி ஓடும். 2011-ல் கொச்சு டிவி வந்து, அதில் டோரா மலையாளம் பேசத் தொடங்கியதும் பிள்ளைகளுக்கு இரண்டு டோராக்கள் ஆனார்கள். ஒரு சேனலில் ‘குள்ளநரி திருடக்கூடாது’, மறு சேனலில் ‘குறுநரி மோஷ்டிக்கருது’. என் மையத்தில் ஒருவன் அடுத்தவன் பென்சிலை எடுத்தால், ‘லே, அது எனக்க பென்சிலு’ என்று அடிக்கப் பாய்ந்த காலம் போய், கையை முன்னால் நீட்டி அந்த வரியை மூன்று தடவை சொல்ல ஆரம்பித்தார்கள். தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி. எடுத்தவனும் கதையில் வரும் நரியைப் போலவே திருப்பிக் கொடுத்துவிடுவான். அடியும் பிடியும் இல்லாமல், வாயால் சொல்லி ஒரு தப்பை நிறுத்தலாம் என்பதை எந்தப் பாட்டும் கதையும் அவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் பழக்கித் தந்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் ஏன் நடந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். படம் வண்ணமாக இருப்பதால் என்றால், அதைவிட வண்ணமான கார்ட்டூன்கள் எத்தனையோ உண்டு. பாட்டும் அப்படியே. டோரா பிள்ளையிடம் கேட்கிறாள், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்கிறாள். என் கணிப்பில் காரணம் அதுதான். பாலம் எங்கே என்று கேட்டுவிட்டு, பாலம் அவளுக்குப் பின்னாலேயே நின்றாலும், கண்ணை இமைத்துக்கொண்டு நம்மைப் பார்ப்பாள். பெரியவர்களுக்கு அது பொறுமையைச் சோதிக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கோ, கேள்வியை வாங்கி, படத்தில் தேடி, சொல்லைக் கண்டுபிடித்து, வாயைத் திறக்க அவ்வளவு நேரம் வேண்டும். கேள்வி காதில் விழுந்த உடனே பதில் சொல்ல அந்த வயதால் முடியாது. முடிகிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டு நாம் அடுத்ததற்குப் போனால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு நடந்த பயிற்சிகளில் இதைச் சொன்னார்கள். ஆனால் கண்ணால் கண்டது டோரா முன்னால்தான்.

வடக்கே இருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துப் பெண் பிள்ளை எங்கள் மையத்துக்கு வந்துகொண்டிருந்தாள். அம்மா பக்கத்து அண்டியாபீஸில் முந்திரிப் பருப்பு உடைக்கப் போவாள். பிள்ளை என்னிடம் பேசமாட்டாள். சோற்றுக்கும் முட்டைக்கும் கூடக் கையைத்தான் நீட்டுவாள். ஒரு மழை நாளில், வந்திருந்த நாலைந்து பிள்ளைகளுக்கு மகளின் லேப்டாப்பில் டோராவைப் போட்டேன். டோரா கேட்டாள், நின்றாள். எல்லாருக்கும் பின்னால் இருந்து ‘அந்தா’ என்று ஒரு குரல். அந்தப் பிள்ளை எங்கள் ஊர்த் தமிழில் பேசி நான் கேட்ட முதல் சொல் அது. டோரா ‘ஆமா’ என்று சொன்னதும், தான் சொன்னதைத்தான் அவள் ஒத்துக்கொண்டாள் என்று அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவேன்!

இது ஒரு டீச்சரின் ஆசைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். லைன்பார்கர், வாக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு மாதத்திலிருந்து முப்பது மாதம் வரை பிள்ளைகள் என்னென்ன நிகழ்ச்சி பார்க்கிறார்கள், அவர்களுடைய பேச்சு எப்படி வளர்கிறது என்று தொடர்ந்து கவனித்தார்கள். டோராவையும் அதைப்போன்ற சில நிகழ்ச்சிகளையும் பார்த்த பிள்ளைகளிடம் சொல்வளமும் பேச்சும் கூடுதலாக இருந்தன. டெலிடப்பீஸ் என்ற இன்னொரு சிறுவர் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களிடம் சொற்கள் குறைவாக இருந்தன. டிவி என்றால் எல்லாம் ஒன்று கிடையாது, எந்த நிகழ்ச்சி, அது பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறது என்பதே கணக்கு. கைப்பிள்ளைக்கு டிவியைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள் என்று எந்தத் தாய்க்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் அது ஓடத்தான் செய்கிறது. ஓடுவது பிள்ளையிடம் கேட்டு நிற்கும் ஒன்றாக இருக்கட்டும்.

இனி புதியவற்றுக்கு வருகிறேன்.

2019-ல் வந்த முதல் படத்தை ஜேம்ஸ் பாபின் இயக்கினார். இசபெலா மோனர் டோராவாக நடித்தார். காட்டில் வளர்ந்த டோரா பதினாறு வயதில் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், பிறகு தொலைந்துபோன இன்கா நகரம் ஒன்றைத் தேடும் பயணத்தில் மாட்டிக்கொள்கிறாள். படத்தின் ஆரம்பத்திலேயே, சின்ன டோரா சாப்பாட்டு மேசையிலிருந்து நம் பக்கம் திரும்பி ஒரு ஸ்பானியச் சொல்லைச் சொல்லச் சொல்கிறாள். அப்பாவும் அம்மாவும், பிள்ளை யாரிடம் பேசுகிறது என்று அந்தத் திசையைப் பார்த்து முழிக்கிறார்கள். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு முதலில் சுருக்கென்றது, பிள்ளைகளின் பழக்கத்தைக் கிண்டல் செய்கிறார்களோ என்று. போகப் போக அந்தச் சந்தேகம் தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கேலி செய்தும் அந்தப் பெண் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. படமும் அவளை மாற்றச் சொல்லவில்லை. நடுவில் ஒரு காட்சியில் பூக்களின் தூளை முகர்ந்து மயங்கியவர்கள் கொஞ்ச நேரத்துக்குப் பழைய கார்ட்டூன் உருவத்துக்கே மாறிவிடுகிறார்கள். அந்த இடத்தில் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியைப் படத்தில் டோரா பேசுகிறாள். அந்த நடிகையின் தாய் பெரு நாட்டுக்காரர். பழைய டோராவோடு வளர்ந்து பெரியவர்களான பிள்ளைகளுக்கு, அதை நேசித்தவர்களே எடுத்துக் கொடுத்த படம் இது. என் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு இது ஆகாது, அவர்களுக்காக எடுத்ததும் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

2025 ஜூலையில் வந்த இரண்டாவது படம் இதன் தொடர்ச்சி கிடையாது, புதிதாகத் தொடங்குவது. ஆல்பெர்ட்டோ பெல்லி இயக்கம், சமந்தா லொரெய்ன் டோரா. கொலம்பியாவில் எடுத்திருக்கிறார்கள், காடு கண்ணுக்குக் குளிர்ச்சி. வேண்டியதைத் தரும் ஒரு பழம்பொருளைத் தேடி ஓடும் கதை. அந்தப் பெண் நன்றாகவே நடித்திருக்கிறாள். ஆனால் டோரா என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தாலும் இந்தப் படம் இப்படியேதான் நடந்திருக்கும். என் மனத்தில் ஒட்டவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே, 2024 ஏப்ரலில் வந்த தொடர்தான் நான் உங்களிடம் விரிவாகப் பேச விரும்புவது. முப்பரிமாண அனிமேஷன். பழைய டோராவின் கோடுகள் தட்டையானவை, பிள்ளைகளே சிலேட்டில் வரைந்துவிடுவார்கள். புதிய டோராவை அப்படி வரைய முடியாது, தலைமுடியும் துணியும் இலையும் அத்தனை நுணுக்கம். முதல் பார்வையில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கிஃபோர்டும் வால்டெஸும் இதிலும் பொறுப்பில் இருக்கிறார்கள், அது தெரிகிறது. அவள் நம்மைப் பார்க்கிறாள், கேட்கிறாள், நிற்கிறாள். நரியைத் தடுக்க இப்போதும் பிள்ளைகளின் குரல் வேண்டும். பழைய டோராவுக்கு முதன்முதலில் குரல் கொடுத்த கேத்லீன் ஹெர்லஸ் இதில் டோராவின் அம்மாவுக்குக் குரல் கொடுக்கிறார் என்று மகள் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு தலைமுறைக்கு மகளாகப் பேசியவர் அடுத்த தலைமுறைக்குத் தாயாகப் பேசுகிறார். குரலுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

குறை என்று நான் சொல்வது அதன் நீளத்தை. பழையது விளம்பரம் நீங்கலாக இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். புதியவை பதினொரு நிமிடக் கதைகள். மேப் சொல்லும் வழியை, முதலில் இது, பிறகு இது, கடைசியில் இது என்று பழைய டோரா எத்தனை தடவை திரும்பச் சொல்ல வைப்பாள்! அந்தத் திரும்பச் சொல்லல்தான் பிள்ளைகளுக்கு வரிசையைக் கற்றுக் கொடுத்தது. நான் அதை வைத்தே பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். பாட்டி வீட்டுக்குப் போகணும் மக்களே, முதல்ல என்ன? மாத்தூர் தொட்டிப்பாலம். பிறகு? திற்பரப்பு அருவி. பிறகு? பாட்டி வீடு. தரையில் சாக்பீஸால் மூன்று படம் வரைந்து, பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போவார்கள். தொட்டிப்பாலம் வந்தால், பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடுமா, கீழே ஓடுமா என்று கேட்டுவிட்டு நானும் டோராவைப் போல நிற்பேன். மேலே கால்வாயும் கீழே பரளியாறும் என்று இரண்டையும் சொல்லும் பிள்ளை அன்றைக்கு ராஜா. பதினொரு நிமிடத்தில் இத்தனைக்கும் இடம் கொடுப்பது கஷ்டம். புதியதில் அந்த நெருக்கடி தெரிகிறது, இருந்தாலும் காத்திருப்பதை அவர்கள் விட்டுவிடவில்லை.

அப்படி அவர்கள் விடாததை நம் தமிழில் நாம் தொலைத்துவிடலாம் என்பதுதான் என் பயம். எப்படி என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இசையும் சத்தமும் தனியாக வரும், பேச்சை மட்டும் நாம் தமிழில் பதிந்து மேலே சேர்க்கிறோம். படத்தின் நீளத்தை மாற்ற முடியாது. ஆங்கிலத்தில் நாலு சொல்லில் முடிகிற கேள்வி, ‘உங்களால் அந்தப் பாலத்தைக் கண்டுபிடிக்க முடிகிறதா குழந்தைகளே?’ என்று தமிழில் எழுதப்பட்டால், டோராவின் வாய் மூடிய பிறகும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். காத்திருக்க வேண்டிய நேரத்தைக் கேள்வியே தின்றுவிடும். ‘பாலம் எங்க இருக்கு?’ என்று எழுதினால் கேள்வி அவள் வாயோடு முடியும், பிள்ளைக்கு அதன் முழு நேரமும் கிடைக்கும். வசனம் எழுதும் உங்களுக்கு இது ஒரு வரிதான். பின்னால் இருந்து ‘அந்தா’ என்று சொல்ல வேண்டிய பிள்ளைக்கு வேறு நேரமே இல்லை.

இன்னொரு வழியிலும் அது போகும். திரையில் யாரும் பேசாத இடத்தைப் பார்த்தால் ஒலி சேர்ப்பவருக்குக் கை சும்மா இருக்காது. பின்னணிக் குரல் ஒன்று, ஒரு சிரிப்பு, ‘சொல்லுங்க, சொல்லுங்க’ என்று ஓர் உந்தல். தமிழில் வந்த சில சிறுவர் நிகழ்ச்சிகளில் இப்படி அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அந்தக் குரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர யாரும் பதில் சொல்லவில்லை. தயவுசெய்து அந்த இடங்களைத் தொடாதீர்கள். விளம்பரம் போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் வெட்டினால், பிள்ளை சொன்ன பதிலைச் சோப்புக்கட்டிதான் கேட்கும்.

குரல் கொடுப்பதற்கு மனிதர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரக் குரலில் டப்பிங் செய்துவிடலாம் என்ற பேச்சு இப்போது எங்கும் அடிபடுகிறது. செலவு குறையும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஒரு பிள்ளையிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிற குரலில், கேட்டவளுக்குப் பதில் தெரிந்துகொள்ள ஆசை இருக்க வேண்டும். பழைய தமிழ் டோராவின் குரலில் அது இருந்தது. ‘ஆமா’ என்று அவள் சொல்லும்போது உண்மையாகவே யாரோ சொன்னதைக் கேட்டவள் மாதிரி இருக்கும். முடியுமானால் அந்தக் காலத்துக் குரல்காரர்களையே தேடிப் பிடியுங்கள். டோராவின் அம்மாவுக்கு அவர்களில் ஒருவர் தமிழில் பேசட்டும். அவர்கள் பெயரையும் வசனம் எழுதியவர் பெயரையும் தமிழிலேயே, படிக்கிற வேகத்தில், திரையில் போடுங்கள். அமெரிக்கக்காரர்கள் தங்கள் டோராவுக்குக் கொடுத்த மரியாதையை நம் டோராவுக்கு நாம் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

புஜ்ஜியைப் புஜ்ஜியாகவே விடுங்கள். ஆங்கிலப் பெயருக்கு மாற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால், அந்தப் பெயரோடு இங்கே ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது என்று நீங்கள் திருப்பி எழுதுங்கள். சாட்சிக் கையெழுத்து வேண்டுமானால் எங்கள் மாவட்டத்திலிருந்து மட்டும் வண்டி நிறைய அனுப்புகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு கதைக்குத் தமிழ்ப் பதிவு முடிந்ததும், ஒளிபரப்புக்கு அனுப்பும் முன்னால், பெரியவர்கள் உட்கார்ந்து சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், ஏதாவது ஓர் அங்கன்வாடிக்கு எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். எங்கள் மையத்துக்கே வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள், மதியச் சோற்றுக்கு முன்னால் நேரம் உண்டு. திரையைப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளின் வாயைப் பாருங்கள். கேள்விக்கு எத்தனை பேர் பதில் சொல்கிறார்கள், யார் வாய் திறந்து பாதியில் மூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் மூடிய இடங்களில் வசனத்தை வெட்டிவிட்டு மறுபடி கொண்டுவாருங்கள். துறை அனுமதிக்கான கடிதத்தை வட்டார அலுவலகத்தில் கொடுத்து வாங்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்பீக்கர் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும், எங்களிடம் இருப்பது சரியாக வேலை செய்வதில்லை.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.